38 வயதில் சைக்கிள் பந்தயம், 1,900 கி.மீ. காட்டுப்பாதை: அப்பாவைத் தேடிப் போன ரெபெக்கா ரஷ் யார்?

காட்டுக்குள் ஒரே சுற்றுப்பாதை. இன்று மதியம் கிளம்பினால் நாளை மதியம் வரை மிதிக்கணும். தூங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கடிகாரம் நிற்காது. 24 மணி நேரத்தில் அதிக சுற்று முடிப்பவருக்கு வெற்றி. மவுண்டன் பைக்கில் தனி ஆளாக ஓட்டும் இந்தப் பந்தயத்தில் 3 முறை உலக சாம்பியன் ஆனவர் அமெரிக்காவின் ரெபெக்கா ரஷ். 'வலியின் ராணி' என்பது அவருடைய பட்டப்பெயர்.

ஆனால், அவர் வாழ்க்கையை மாற்றிய சவாரியில் பதக்கமே கிடையாது.

சைக்கிளே பிடிக்காதவர்

1968-ல் பிறந்த ரெபெக்கா முதலில் பாறை ஏறும் வீராங்கனை. அடுத்து ஓட்டம், படகு, சைக்கிள் எல்லாம் கலந்து பல நாள் நடக்கும் 'அட்வென்சர் ரேசிங்'. அதில் அவருக்குப் பிடிக்காத பகுதியே சைக்கிள்தான்! அந்த விளையாட்டுக்கு வந்த பணம் குறைந்தபோது, ஸ்பான்சர் ஒப்பந்தம் மட்டும் மிச்சம் இருந்தது. சரி, சைக்கிளையே முயற்சி பண்ணலாம் என்று இறங்கியபோது வயது 38. பல வீரர்கள் ஓய்வு பெறும் வயது.

அமெரிக்காவின் கொலராடோவில் நடக்கும் 'லெட்வில் 100' பந்தயத்தில் 2009 முதல் 2012 வரை தொடர்ந்து 4 முறை பெண்கள் பிரிவில் முதலிடம். தூரம் சுமார் 160 கி.மீ., கிட்டத்தட்ட புதுச்சேரியில் இருந்து சென்னை. ஆனால் ஈசிஆர் மாதிரி சமதளம் இல்லை. நம்ம தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். லெட்வில் ஊரே 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மூச்சு வாங்கத் தொடங்கும் இடத்தில்தான் பந்தயமே ஆரம்பம்.

அப்பா விழுந்த இடம்

ரெபெக்காவின் அப்பா ஸ்டீவ் ரஷ், அமெரிக்க விமானப்படை வீரர். வியட்நாம் போரின்போது, 1972 மார்ச் 7-ம் தேதி அவர் சென்ற போர் விமானம் லாவோஸில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மகளுக்கு அப்போது 3 வயது.

அந்த விமானம் குறிவைத்தது ஹோ சி மின் பாதையை. வடக்கு வியட்நாமில் இருந்து லாவோஸ், கம்போடியா காடுகள் வழியாகத் தெற்கே படைகளும் ஆயுதங்களும் போன வழி அது. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த நிலம் அந்நியம் இல்லை. வில்லியனூர், பாகூரை இன்றும் 'கொம்யூன்' என்று நாம் சொல்லக் காரணமான அதே பிரெஞ்சு ஆட்சிதான் 'இந்தோசீனா' என்ற பெயரில் அங்கேயும் இருந்தது. இங்கிருந்து பல குடும்பங்கள் வேலைக்காக சைகோன் போனது வரலாறு. 1954-ல் தியன் பியன் பூ போரில் பிரெஞ்சுப் படையை வீழ்த்த, வியட்நாமியர்கள் சைக்கிளில்தான் மூட்டை மூட்டையாகப் பொருட்களைக் கொண்டு போனார்கள். ஹோ சி மின் பாதையிலும் சைக்கிள்கள் சுமை இழுத்தன.

2015-ல் அதே பாதையில் ரெபெக்கா சைக்கிளை எடுத்தார். துணைக்கு வியட்நாம் வீராங்கனை ஹுயென் நுயென். ஒரு காலத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு நாடுகளின் பெண்கள். தூரம் சுமார் 1,900 கி.மீ.; புதுச்சேரி–கன்னியாகுமரி தூரத்தைப் போல மூன்று மடங்கு. சேறு, ஆறு, குகை எல்லாம் கடந்து லாவோஸ் கிராமம் ஒன்றை அடைந்தார்கள். விமானத்தில் இறந்தவர்களைத் தன் அப்பாதான் ஒரு மரத்தடியில் புதைத்தார் என்று சொன்னார் கிராமத் தலைவர். குண்டு போட வந்தவர்களை அடக்கம் செய்தது, குண்டு விழுந்த ஊரைச் சேர்ந்த ஒருவர். இந்தப் பயணம்தான் 2017-ல் வெளியான 'பிளட் ரோட்' ஆவணப்படம்.

பந்தயத்துக்கு அப்புறம்?

வழியெங்கும் அவர் பார்த்தது குண்டுக் குழிகள். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்கா போட்ட குண்டுகள் 20 லட்சம் டன்னுக்கு மேல். கொத்துக் குண்டுகளில் சிதறிய சிறு குண்டுகளில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கின என்பது கணிப்பு. வயலில் மண்வெட்டி போடுகிறவர்களும், பந்து என்று நினைத்து எடுக்கும் குழந்தைகளும் போர் முடிந்த பிறகும் பலியாகிறார்கள்.

அப்பா வீட்டுக்கு எழுதிய கடிதங்களை 'நல்லபடியா இரு' என்ற பொருள்படும் 'பி குட்' என்ற சொற்களோடு முடிப்பாராம். ரெபெக்கா தன் அறக்கட்டளைக்கு அதையே பெயராக வைத்தார். குண்டுகளை அகற்றும் பணிக்கு நிதி திரட்டத் தொடங்கினார். 2019-ல் மவுண்டன் பைக் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவமும் வந்தது.

ஒரு விளையாட்டு வீரருக்குப் புகழ் எதற்கு என்று கேட்டால், ரெபெக்காவிடம் பதில் இருக்கிறது: அப்பா போட்ட குண்டுகள் இருக்கும் மண்ணைச் சுத்தம் செய்ய.