மேடைக் கலைஞர் பட அட்டைகள்

மேடைக் கலைஞர் பட அட்டைகள் என்பவை நடிகர், பாடகர், நடனக் கலைஞர் ஆகியோரின் ஒளிப்படங்களைத் தாங்கி, சேகரிப்போருக்காக விற்கப்பட்ட சிறு அட்டைகள் ஆகும். விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) ஐரோப்பாவில் பரவிய இவ்வழக்கம், பின்னர் அஞ்சலட்டை வடிவில் சென்னைக்கும் வந்தது.

தோற்றம்

பாரிசைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் திஸ்தெரி 1854இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்களை எடுத்து, தாளில் அச்சிட்டு, வெட்டித் தடித்த அட்டையில் ஒட்டுவது அவர் கண்ட வழி. அட்டை ஏறத்தாழ 6 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. விலை குறைந்ததால் அரச குடும்பத்தார் படத்துக்கு அருகிலேயே நடிகையின் படத்தையும் வீட்டு ஆல்பத்தில் செருகி வைத்தனர்.

இவ்வணிகத்தில் பெயருக்கே விலை. நியூயார்க் ஒளிப்படக் கலைஞர் நெப்போலியன் சரோனி, பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்டைப் படமெடுக்கும் உரிமைக்காக 1880இல் 1,500 டாலர் கொடுத்ததாகக் கூறப்படுகிறது.

சென்னை அட்டைகள்

சென்னையில் நிலைமை வேறு. மவுண்ட் ரோட்டிலிருந்த ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை (தொடக்கம் 1844), வீலே அண்ட் கிளைன் ஒளிப்பட நிலையம் போன்றவை பட அஞ்சலட்டைகளை வெளியிட்டன. ஆடல் மகளிரின் படங்களும் அவற்றில் உண்டு. நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், பட்டுச் சேலை என முழு அலங்காரத்துடன் அவர்கள் நிற்பர். ஆனால் படத்தின் கீழே பெரும்பாலும் 'நாட்ச் கேர்ள்', அதாவது ஆடும் பெண், என்று மட்டுமே அச்சிட்டிருக்கும். பெயர் இராது. வாங்கிய ஆங்கிலேயருக்கு அவர் ஒரு கலைஞர் அல்லர். கோயில், பாம்பாட்டி, மாட்டு வண்டி ஆகியவற்றோடு சேர்த்து ஊருக்கு அனுப்பத்தக்க 'இந்தியக் காட்சி'. அதே காலத்தில் வீணை தனம்மாளின் (1867–1938) வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்குச் சென்ற சென்னை இரசிகர்கள் அவரைப் பெயர் சொல்லியே போற்றினர் என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

இன்னொரு முரணும் உண்டு. 1893இல் சென்னைச் சமூகச் சீர்திருத்தவாதிகள், ஆடல் நிகழ்ச்சிகளுக்குச் செல்ல வேண்டாமென வைசிராய்க்கும் ஆளுநருக்கும் விண்ணப்பம் அளித்தனர். இருவரும் அதை ஏற்கவில்லை. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. மேடையில் அப்பெண்களுக்கு எதிர்ப்பு வலுத்துவந்த ஆண்டுகளிலேயே அவர்களின் படங்கள் கடைகளில் விலைபோயின.

கௌஹர் ஜான்

பெயரோடு விற்பனையான இந்தியக் கலைஞருக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கல்கத்தாப் பாடகி கௌஹர் ஜான் (1873–1930). 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக அவர் பாடினார். பாட்டின் முடிவில் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் அறிவிப்பார். இசைத்தட்டுகள் ஜெர்மனியில் வார்க்கப்பட்டதால், அங்குள்ள பணியாளர் பாடியவரை அடையாளம் காணவே இந்த ஏற்பாடு. தொழிற்சாலை வசதிக்காகச் சொன்ன வாக்கியமே அவருக்கு விளம்பரமாயிற்று! அவரது படம் அஞ்சலட்டைகளிலும், ஆஸ்திரியாவில் தயாரான தீப்பெட்டிகளிலும் வெளிவந்தது. 1928இல் மைசூர் அரண்மனைப் பாடகியான அவர், அந்நகரிலேயே காலமானார்.

இன்றைய சேகரிப்பு

பழைய அட்டை வாங்குவோர் முதலில் பின்புறத்தைப் பார்க்கின்றனர். முகவரிக்கும் செய்திக்கும் இடையே நடுக்கோடு இல்லாதவை பொதுவாக முந்தியவை. அஞ்சல் முத்திரை இருந்தால் அனுப்பிய நாள் கிடைக்கும். வெளியீட்டாளரின் பெயரும் வரிசை எண்ணும் சில அட்டைகளில் உண்டு. சென்னை ஆடல் மகளிர் அட்டைகள் பலவற்றில் அச்சகம், கடை, அனுப்பியவர், பெற்றவர் ஆகிய அனைவரின் பெயரும் தெரிகிறது. படத்திலுள்ளவர் பெயர் மட்டும் தெரிவதில்லை.