எலி கடித்ததற்கு யார் சம்பளத்தில் பிடிப்பது?

அமீரகத்தில் சோனாப்பூர், சஜ்ஜா, முசஃபா என்று எந்த லேபர் கேம்ப்பில் இருந்து கிளம்பினாலும் எலக்ட்ரீஷியனுக்கு இந்தக் காலை ஒருநாள் வாய்க்கும். சைட்டில் டூல் பையைத் திறந்தால் மல்டிமீட்டர் வயர் அறுந்து கிடக்கும், டிரில் மெஷின் கேபிளில் செம்பு பல்லிளிக்கும், மூலையில் எலிப்புழுக்கை. பாலைவனத்தில் ஏது எலி என்று ஊரில் கேட்பார்கள். சோறு போகிற இடமெல்லாம் எலியும் போகும். மதியப் பார்சலை டூல் பைக்குள்ளேயே திணிக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டே! எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்பவை. தேய்க்க எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும்.

"உன் பொறுப்பில் இருந்த சாமான், சம்பளத்தில் பிடிப்போம்" என்பார் போர்மேன். அவர் சொன்னால் போதுமா?

போதாது. 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கும் அமீரகத் தொழிலாளர் சட்டம் (2021-ன் 33-ஆம் எண்), 25-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. கம்பெனிக் கருவி சேதமானதற்காகப் பணம் பிடிக்க வேண்டுமென்றால், அந்தச் சேதம் தொழிலாளியின் தவறாலோ, நிர்வாகத்தின் உத்தரவை மீறியதாலோ வந்திருக்க வேண்டும். அப்போதும் மாதத்துக்கு 5 நாள் சம்பளத்துக்கு மேல் தொடக்கூடாது. கூடுதலாகப் பிடிக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். சவூதியிலும் 5 நாள்தான் வரம்பு. அங்கே 91-ஆம் பிரிவு, பிறர் தவறாலோ தடுக்க முடியாத காரணத்தாலோ நேர்ந்த சேதத்தைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆனால் கருவிகளைப் பத்திரமாக வைப்பது தொழிலாளியின் கடமை என்றும் அமீரகச் சட்டத்தில் உண்டு. பூட்டுள்ள பெட்டி கொடுத்திருந்தும் பையைத் தரையில் திறந்து போட்டிருந்தால் வாதம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். கடிபட்டதைக் கண்டதுமே படம் எடுங்கள். புழுக்கையும் பூட்டிய பெட்டியும் படத்தில் தெரியட்டும். அன்றே வாட்ஸ்அப்பில் போர்மேனுக்கு அனுப்புங்கள், ஸ்டோரில் ஒப்படைத்த சீட்டைக் கிழிக்காதீர்கள். 'என் தவறு' என்று எழுதிய தாளில், அதுவும் படிக்கத் தெரியாத அரபியில், கையெழுத்துப் போடாதீர்கள்.

சொந்தக் காசில் வாங்கிய பிளையரும் டெஸ்டரும் என்றால் கதை வேறு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, ஈடு கேட்பது கஷ்டம். எலிக்கடிக்குக் கடைக்காரரின் வாரண்டியும் உதவாது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சம்பளத்தில் பிடிப்பார்களே என்று பயந்து சிலர், கடிபட்ட வயரில் டேப் சுற்றி மறைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் உள்ள பிளையர், உறை முழுசாக இருக்கும்வரைதான் காப்பாற்றும். பல்பட்ட மல்டிமீட்டர் வயர் கையில் இருந்தால் 230 வோல்ட்டே உயிருக்குப் போதும்.

சம்பளத்தில் அநியாயமாகப் பிடித்தால் அமீரக மனிதவள அமைச்சகத்தின் 80084 எண்ணில் புகார் சொல்லலாம். 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளில் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் 2024 முதல் இருக்கிறது. நியாயமான புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு கேட்கலாம். இந்தியர்களுக்கு துபாயில் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையம் இருக்கிறது, கட்டணமில்லா எண் 80046342. தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அழைத்துவிடுங்கள்.