அறம் செய்யும் கம்பனியும் அதற்குரிய வரியும்

வன்னியின் இரணைமடுக் குளத்தில் நிறையும் நீரை எவரும் தம் வீட்டுக்கு அள்ளிச் சென்று பூட்டி வைப்பதில்லை. அது துருசு வழியே வாய்க்காலுக்கும் வயலுக்கும் செல்கிறது. எஞ்சியது அடுத்த போகத்துக்காகக் குளத்திலேயே நிற்கிறது. ஈட்டம் நோக்காத கம்பனியின் உள்ளமைப்பும் இத்தகையதே. வணிகக் கம்பனியில் எஞ்சும் பணம் பங்காளர்க்கு ஈவாகப் பிரியும். இங்கோ பங்கே இல்லை; ஆதலால் ஈவும் இல்லை.

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இதனை உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி என்கிறது. இதன் உறுப்பினர் முதல் இடுவதில்லை. கம்பனி கலைக்கப்படும் நாளில் அதன் கடன் தீர்க்க இன்ன தொகை தருவேன் என்று உறுதி மட்டும் அளிக்கிறார். அதற்கு மேல் அவர் வீட்டையோ வயலையோ கடன்காரர் தொட இயலாது. வருவாய் முழுவதையும் அறம், கலை, அறிவியல், சமயம் போன்ற நோக்கங்களுக்கே செலவிட்டு, ஈவு பகிர்வதைத் தன் விதிகளிலேயே தடுத்துக்கொள்ளும் கம்பனி, கம்பனிப் பதிவாளர் நாயகத்தின் இசைவுடன் பெயரின் ஈற்றிலுள்ள 'வரையறுக்கப்பட்ட' என்னும் சொல்லையும் விட்டுவிடலாம்.

சட்டத்தின் கண்ணில் இக்கம்பனி ஓர் ஆள். நிலம் வாங்கும், வழக்காடும், தொடங்கியவர் மறைந்தாலும் தான் மறையாது. வன்னிக்கு இது வெறும் ஏட்டறிவு அன்று. 1977ஆம் ஆண்டு வன்செயலில் வீடிழந்த மலையகத் தமிழரை வவுனியாவை நடுவமாகக் கொண்டு குடியமர்த்திய காந்தீயம் என்னும் அமைப்பு, கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகிய இருவர் தோள்களில் நின்றது. 1983 ஏப்ரலில் இருவரும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பி, நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் மறைந்தார். படைவலிமையின் முன் பதிவுச் சான்று அரணாகாது. அதனை நான் அறிவேன். ஆயினும் இருவர் மூச்சையே நம்பிய அறப்பணி எவ்வளவு விரைவில் முறியும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று நம் மண்ணில் அரிது.

வேறு வாயில்களும் உண்டு. 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அறக்கட்டளை நிறுவலாம். 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வச் சமூகசேவை அமைப்பாகவும் பதியலாம். எவ்வாயிலில் நுழைந்தாலும் பலர் ஒரே பிழையைச் செய்கின்றனர்: பதிவையே வரிவிலக்கு என எண்ணிவிடுகின்றனர். பதிவு பிறப்பைச் சான்றுபடுத்துவது. வரியோ இறைவரித் திணைக்களத்தின் தனி அளவுகோலுக்கு உட்பட்டது.

அவ்வளவுகோலின் வேர் பழையது. 1601இல் ஆங்கில நாடு இயற்றிய அறக்கொடைச் சட்டத்தின் முகவுரை அறச்செயல்களை அடுக்கிக் கூறிற்று. 1891இல் பெம்சல் வழக்கில் மக்னாட்டன் பிரபு அவற்றை வறுமை ஒழிப்பு, கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, பொதுமக்கள் நலன் என நான்காக வகுத்தார். இலங்கை வரிச்சட்டம் அறநோக்கத்துக்குக் கூறும் வரைவிலக்கணத்தில் அந்நான்கின் சாயலை இன்றும் காணலாம்.

2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அறநிலையங்களின் வரிக்குரிய வருமானத்துக்கு 14 விழுக்காடு விதித்தது. அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு அது காட்டிய வழி விந்தையானது. நன்கொடையாக வந்த தொகையில் 3 விழுக்காட்டை ஈட்டம் எனக் கற்பித்து, அதன்மீது 28 விழுக்காடு வரி கேட்டது. ஒரு கோடி ரூபாய் வந்தால் மூன்று இலட்சம் ஈட்டமாகக் கொள்ளப்படும்; வரி 84,000 ரூபாய். அது கைம்பெண் ஒருத்தியின் தையல் பொறிக்கோ ஆட்டுக் கொட்டிலுக்கோ உதவியிருக்கும். விகிதங்கள் பின்னர் மாறின. கற்பித்தல் முறை நிலைத்தது.

எனினும் அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்துள்ளது. அரசு குறித்த பகுதிகளில் இடம்பெயர்ந்தோர்க்குப் புனர்வாழ்வும் உட்கட்டமைப்பும் வாழ்வாதார உதவியும் வழங்கும் நிறுவனத்துக்கு உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகம் அவ்வரியைக் குறைக்கலாம் அல்லது நீக்கலாம். 2006ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டத்திலும் இவ்வாசகம் இருந்தது. சட்டம் வன்னியின் பெயரைச் சொல்லவில்லை. வன்னியின் நிலையைச் சொல்கிறது. இச்சலுகை தானாக வாராது, கேட்டுப் பெறவேண்டும். கேட்பவர் கையில் தெளிவான நோக்க விதியும், பயனாளிகள் பட்டியலும், கணக்காய்வு செய்த ஏடுகளும் இருத்தல் வேண்டும்.

ஈகையாளர்க்குக் கிடைக்கும் கழிவு வேறு. அரசு ஏற்றுக்கொண்ட அறநிலையத்துக்குப் பணம் கொடுக்கும் தனியாள், வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒன்று அல்லது 75,000 ரூபாய், இவற்றுள் சிறியதைக் கழிக்கலாம் என 2017ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

இனி, இடம்பெயர்ந்தோர் எவர்? போரில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள், படையினர் வசமிருந்த தம் நிலத்தின் வாயிலில் 2017இலும் பந்தலிட்டு அமர்ந்திருந்தனர். ஊர் திரும்பியவரும் கிணறு தூர்ந்து, படகு இழந்து, வெறுங்கையராய்த் தொடங்கினர். ஆகவே நோக்க விதியை எழுதும் நண்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்று: 'வறியோர்க்கு உதவுதல்' என்று பொதுவாய் எழுதி நிறுத்திவிடாதீர்கள். 'இடம்பெயர்ந்தோர்க்கும் இடம்பெயர்ந்து மீளக் குடியேறியோர்க்கும் வாழ்வாதாரம் அமைத்தல்' என்று, பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு, பதிவுக்கு முன்னரே எழுதுங்கள்.