சேசிஸ் நம்பரும் நான்கு சாவடிகளும்

பாரிவாக்கத்தில் பைக்கை எடுத்து, ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திராவுக்குள் போனால் பதிவு எண்ணைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, டி.என்.-12 வண்டி வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால்தான் புது நம்பர் வாங்க வேண்டும். ஆனால் நாட்டு எல்லைகள் குறுக்கிட்டால் கதை வேறு. மேற்கு ஆப்பிரிக்காவில் லாகோஸிலிருந்து அபிஜான் வரையுள்ள கடலோரச் சாலை ஏறக்குறைய 1,000 கி.மீ.தான். அதற்குள் நைஜீரியா, பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் என ஐந்து நாடுகள், நான்கு எல்லைச் சாவடிகள். அந்த வழியில் பழைய பைக்கோடு போகிறேன் என்று யாராவது சொன்னால், “வண்டி தாங்குமா?” என்றுதான் ஊரே கேட்கும். வண்டி தாங்கிவிடும். காகிதம் தாங்குமா என்பதுதான் எனக்குள்ள கவலை.

சுங்க அதிகாரியின் கண்ணுக்குப் பைக் என்பது வரி கட்டாமல் உள்ளே வரும் சரக்கு. உள்ளே போய் விற்றுவிட்டால் அரசுக்கு நஷ்டம். அதற்காக உண்டானதுதான் ‘கார்னே’ என்கிற சுங்கப் புத்தகம். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டுகள்: உள்ளே நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது துண்டு, இரண்டு முத்திரைகளோடு, புத்தகத்திலேயே தங்கிவிடும். வெளியேறும் முத்திரை விடுபட்டால் வண்டியை அங்கேயே விற்றதாகக் கணக்கு. கார்னே வாங்கக் கட்டும் பிணைத்தொகை வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. ஆகவே ஷோரூம் வாசனை போகாத வண்டியைவிட, விலைபோகாத பழைய வண்டிதான் இங்கே லாபம். எல்லா நாடும் கார்னே கேட்பதில்லை. கேட்காத பிரெஞ்சு மொழி நாடுகளில் எல்லையிலேயே காசு கட்டி ‘பாஸாவான்’ என்ற தற்காலிகச் சீட்டு வாங்கலாம். அதற்குக் கெடு உண்டு, தேதியைத் தவறவிடக் கூடாது.

நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்வி, பதில் எந்த வண்டி என்பதில் இருக்கிறது. பெரிய பைக்குக்கு அங்கே பாகம் தேடி அலைய வேண்டும். ஆனால் அந்த நாடுகளில் வாடகை பைக்காக ஓடுபவற்றில் பஜாஜ் பாக்ஸரும் டி.வி.எஸ்.ஸும் ஏராளம். ஓசூர் கம்பெனியின் வண்டியை அங்கே தெருமுனை மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். நூறு சி.சி. வண்டியின் கிளட்ச் ஒயருக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

இன்னொரு தரப்பு, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ‘எக்கோவாஸ்’ கூட்டமைப்பு 1979-லேயே தடையற்ற நடமாட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டதே, உறுப்பு நாட்டுச் சொந்த வண்டிக்கு 90 நாள் அனுமதி உண்டே என்று வாதிடும். அது உறுப்பு நாட்டுக்காரருக்கு. இந்திய பாஸ்போர்ட்டுக்கும் இந்திய நம்பர் பிளேட்டுக்கும் இல்லை. அவர்களுக்கே அது நிரந்தரமில்லை. நைஜீரியா 2019 ஆகஸ்ட்டில் தரைவழி எல்லையை மூடி 2020 டிசம்பரில்தான் திறக்கத் தொடங்கியது. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டமைப்பைவிட்டே வெளியேறிவிட்டன. 1982-ல் வந்த ‘பிரவுன் கார்டு’ காப்பீட்டு ஏற்பாடு மட்டும் எல்லை தாண்டிய விபத்துக்குக் கைகொடுக்கிறது. நம் ஊர் இன்சூரன்ஸ் அங்கே வெறும் காகிதம்.

பழைய வண்டிக்கு ஒரு பலவீனம் உண்டு, அது என்ஜினில் இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பதைப் பார்த்திருப்போம். அதே எண்ணைத்தான் டோகோ எல்லையில் அதிகாரி குனிந்து படித்து, கார்னேயில் உள்ளதோடு ஒப்பிடுவார். துருவேறி ‘3’ எது, ‘8’ எது என்று தெரியாவிட்டால், அல்லது பெயின்ட் கடைக்காரர் கனமாக அடித்து மூடியிருந்தால், ஓடுகிற வண்டியும் சந்தேகத்துக்குரிய சரக்குதான். 15 வருடம் தாண்டி ஆர்.சி. புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். புறப்படுமுன் கார்புரேட்டருக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷுமாக அந்த எண்ணுக்குச் செலவிடலாம். உப்புத்தாள் மட்டும் போடக் கூடாது, எண்ணையே தேய்த்துவிடும்.