நிறுவனத்தைத் தோற்றுவித்தலும் மேலாண்மை செய்தலும்

நிறுவனத்தைத் தோற்றுவித்தல் என்பது இல்லாத ஒன்றை உருவாக்கும் பணியாகும். மேலாண்மை என்பது உருவான நிறுவனம் எந்தத் தனிமனிதரையும் சாராமல் நாள்தோறும் இயங்குமாறு செய்யும் பணியாகும். முன்னதற்குத் துணிவும் பிறரை நம்பவைக்கும் ஆற்றலும் தேவை. பின்னதற்கு விதிமுறை, கணக்கு, ஆட்சேர்ப்பு ஆகியவற்றில் பொறுமை தேவை. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பலவற்றில் இவ்விரு பணிகளையும் ஒரே குடும்பத்தினர் செய்வதால் வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. அதே பாலாற்றங்கரையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாற்றில் அது தெளிவாகத் தெரிகிறது.

தோற்றுவித்த காலம்

அமெரிக்க மருத்துவரான ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் தொடங்கினார். குடியாத்தம் செல்லும் சாலையோரங்களில் நோயாளிகளைப் பார்த்தவரும் அவரே. நன்கொடை தந்தோர் பலர் நிறுவனத்தை விட அவரையே நம்பினர் எனலாம்.

மாற்றம்

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு மருத்துவப் பட்டயப் படிப்பைக் கைவிட்டு, பல்கலைக்கழகப் பட்டத்தைக் கட்டாயமாக்க முற்பட்டது. வேலூர்ப் பள்ளி அளித்ததோ பட்டயப் படிப்பு மட்டுமே. கூடுதல் படுக்கைகள், உயர்தகுதி பெற்ற பேராசிரியர்கள், பெரும் நிதி ஆகியன இல்லையெனில் பள்ளியை மூடவேண்டிய நிலை. இவற்றை நன்மதிப்பால் மட்டும் ஈடுசெய்ய இயலாது.

பல திருச்சபைகளின் ஆதரவைப் பெற, ஆண்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் எழுந்தது. பெண்களுக்கெனத் தந்த பணம் திசைமாறுவதாக அமெரிக்க ஆதரவாளர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். தம் தொடக்க நோக்கத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஸ்கடர் அத்திட்டத்தை ஏற்றார். தோற்றுவித்த ஒருவருக்கு இதைவிடக் கடினமான முடிவு அரிது. 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது, 1947இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர்.

1940களில் தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன் கல்லூரி முதல்வரானார். பின்னர் ஹில்டா லாசரசு முதல் இந்திய இயக்குநரானார். இவர் அரசின் பெண்கள் மருத்துவப் பணியில் நெடுங்காலம் நிருவாக அனுபவம் பெற்றவர். பொறுப்புகளிலிருந்து விலகிய ஸ்கடர் கொடைக்கானலில் வாழ்ந்து 1960இல் காலமானார். கல்லூரியை அப்போது நடத்தி வந்தவர்கள் வேறு மருத்துவர்கள்.