நீலக் கோடு காட்டும் காட்டு வழி

காடு என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது அச்சமே. வழி தவறினால் என் செய்வது, இருட்டிவிட்டால் யாரைக் கேட்பது என்ற எண்ணம் திடமான இளைஞரையும் தயங்க வைக்கும். ஆயின், பாட்டனாரும் பேரப்பிள்ளையும் கைகோத்துச் சென்று, வழிகாட்டி எவருமின்றி, அரைநாள் உலாவித் திரும்பத்தக்க பெருங்காடு ஒன்று பிரான்சு தேசத்தில் உண்டு. அதன் பெயர் பொந்தேன்புளோ.

பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரத்தில், 17,000 ஹெக்டயர் அளவில் பரந்து கிடக்கிறது இவ்வனம். முற்காலத்தில் பிரெஞ்சு மன்னர்கள் வேட்டையாடிய இடம் இது. அவர்கள் தங்கிய அரண்மனை இன்றும் காட்டின் நடுவே கம்பீரமாக நிற்கிறது. ஓக், பீச், பைன் ஆகிய மரங்கள் ஓங்கி வளர்ந்துள்ளன. அவற்றிடையே யானைக் கூட்டம் படுத்திருப்பது போன்று சாம்பல் நிறப் பாறைகள் குவிந்துள்ளன. மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அது விட்டுச் சென்ற மணலே காலப்போக்கில் இறுகி இம்மணற்பாறைகளாயிற்று. பாரிஸ் வீதிகளுக்குக் கல் பரவியபோது இங்கிருந்தும் பாறைகளை வெட்டிச் சென்றனர்.

மலையேற்றம் என்று அஞ்சவேண்டியதில்லை. இக்காட்டின் மிக உயர்ந்த மேடுகளும் கடல் மட்டத்திலிருந்து 150 மீற்றரை எட்டுவதில்லை. எனினும், பாறையும் பள்ளமும் ஒன்றையொன்று ஒத்திருத்தலால், வழி அறியாதவர் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து சேர்தல் எளிது. இக்குறையைத் தீர்த்து வைத்தவர் ஒரு பழைய போர்வீரர்.

குளோட் பிரான்சுவா தெனெக்கூர் என்பது அவர் பெயர். 1788 ஆம் ஆண்டில் பிறந்த இவர், நெப்போலியனின் சேனையில் போர்புரிந்து காயமுற்றவர். 1832 இல் பொந்தேன்புளோ நகரின் படைவீடொன்றில் காவற் பொறுப்பாளராக வந்தமர்ந்தார். அரசியற் கருத்துக்கள் காரணமாக அவ்வுத்தியோகமும் சிறிது காலத்துள் பறிபோயிற்று. நடுவயதைக் கடந்த நிலையில், வேலை இழந்து, மனம் சோர்ந்திருந்த அம்மனிதருக்கு அருகிலிருந்த காடே ஆறுதல் அளித்தது. நாள்தோறும் அதனுள் நடந்தார்; நடக்க நடக்கத் துயரம் தணிந்தது. தமக்குக் கிடைத்த ஆறுதல் பிறர்க்கும் கிடைக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் முளைத்தது.

1839 இல் காட்டைப் பற்றிய வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டார். 1842 இல் முதலாவது நடைபாதையை வகுத்தார். புதர்களை வெட்டியும், பாறைகளிடையே படி அமைத்தும், அழகிய காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் வண்ணம் வழியை வளைத்து வளைத்துக் கொண்டு சென்றார். மரத்திலும் பாறையிலும் நீல நிறத்தில் அம்புக்குறி தீட்டினார். நூற்றுக்கணக்கான மரங்களுக்கும் பாறைகளுக்கும் பெயர் சூட்டினார். இவற்றுக்கெல்லாம் தம் சொந்தப் பணத்தையே பெரிதும் செலவிட்டார். வாழ்நாளில் அவர் வகுத்த பாதைகளின் நீளம் ஏறக்குறைய 150 கிலோமீற்றர். குறியிட்டு அமைத்த நடைபாதைகளுள் உலகிலேயே முதன்மையானவை என இவை போற்றப்படுகின்றன.

காட்டைக் கெடுக்கின்றார் என்று அவரை நோக்கி முகஞ் சுளித்தோரும் அக்காலத்தில் இருந்தனர். ஆனால், 1849 இல் பாரிஸிலிருந்து புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும், ஞாயிறு தோறும் நகர மக்கள் திரளாக வந்து நீல அம்பைத் தொடர்ந்து நடக்கலாயினர். அரசரின் வேட்டைக்காடு கடைக்காரருக்கும் கைத்தொழிலாளருக்கும் பூங்காவாயிற்று. 1855 இல் தெனெக்கூரைப் பாராட்டி வெளியான நூலுக்கு விக்தோர் ஹியூகோ, ஜோர்ஜ் சான்ட், போதலேர் முதலிய பேரறிஞர்கள் எழுதினர். 1875 இல் அவர் மறைந்த பின்னர், ஷார்ல் கொலினே என்பவர் அப்பணியை ஏற்றுப் புதிய பாதைகளையும் சேர்த்தார். அதனால் இன்றும் இவை இருவர் பெயராலும் வழங்குகின்றன.

இப்பாதைகளில் நடப்பதற்கு அறிய வேண்டியது சிறிதே. மரப்பட்டையிலோ பாறையிலோ நீலக் கோடு தென்படும் வரை நாம் சரியான வழியில் இருக்கிறோம். நெடுநேரமாகக் கோடு காணப்படாவிடின், கடைசியாகக் கண்ட இடத்துக்குத் திரும்புவதே விவேகம். வெள்ளையும் சிவப்புமாக இரு கோடுகள் தோன்றினால், அது பல நாள் நடக்கும் நெடும்பாதை. 1947 ஆம் ஆண்டு தொடக்கம் பிரான்சு முழுவதும் அமைக்கப்பட்டு வரும் பாதைகளின் அடையாளம் அது. குடும்பத்துடன் வந்தோர் அதன்பின் சென்று அலைய வேண்டாம்.

முதல் முறை செல்வோருக்கு மூன்று இடங்கள் ஏற்றவை. புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே அடையக்கூடியது தெனெக்கூர் கோபுரம். அதன் உச்சியில் நின்றால் காடு பச்சைக் கடல் போல் விரியும். இரண்டாவது பிரான்ஷார் பள்ளத்தாக்கு. பழைய துறவியர் மடத்தின் சிதைவும், பாறை விளிம்பிலிருந்து காணும் காட்சியும் அங்கே சிறப்பானவை. மூன்றாவது பார்பிசோன் கிராமத்தை அடுத்த முதுமரச் சோலை. தியோடோர் ரூஸோ, மில்லே முதலிய ஓவியர்கள் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இக்கிராமத்தில் வாழ்ந்து, ஓவியங்கள் எழுதிப் புகழ் பெற்றனர். அவ்விருவரின் முகங்களையும் பொறித்த வெண்கலத் தகடு 1884 இல் இங்குள்ள பாறையொன்றிற் பதிக்கப்பட்டது.

இவ்வோவியர்கள் காட்டுக்குச் செய்த உதவி பெரிது. முதிர்ந்த ஓக் மரங்கள் கோடரிக்கு இரையாவதைக் கண்டு ரூஸோ அரசிடம் முறையிட்டார். அதன் பயனாக 1853 இல் 624 ஹெக்டயர் காடு வெட்டாது விடப்பட்டது; 1861 இல் மூன்றாம் நெப்போலியனின் கட்டளையால் அது 1,097 ஹெக்டயராக விரிந்தது. அமெரிக்காவின் யெலோஸ்ரோன் தேசிய வனம் தோன்றுவதற்குப் 11 ஆண்டுகளுக்கு முன்னரே, அழகின் பொருட்டு ஒரு காட்டைக் காக்கும் வழக்கம் இவ்வாறு உண்டாயிற்று.

கோடரியிலிருந்து தப்பிய காட்டை இன்று வருத்துவது காலடியாகும். மண் முழுதும் மணலாதலால், குறுக்கு வழியில் இறங்கும் ஒவ்வொருவரும் சரிவிலிருந்து ஒரு பிடி மணலைத் தள்ளிவிடுகின்றனர். பின்னர் மழை அதனை அடித்துச் செல்ல, மரவேர்கள் வெளியே தெரிகின்றன. ஒருவர் செய்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் பேர் செய்தால் சரிவே கரைந்துவிடும். ஆதலின், நீலக் கோடு நம்மைக் காப்பதோடு காட்டையும் காக்கின்றது. கோட்டை விட்டு விலகாதிருத்தலே நடப்பவர் செலுத்த வேண்டிய ஒரே கட்டணம்.

பாரிஸில் உறவினர் வாழும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. அங்கு செல்ல வாய்ப்புக் கிட்டுவோர், கோபுரங்களையும் கடைத்தெருக்களையும் கண்டபின், ஒரு நாளை இக்காட்டுக்கு ஒதுக்கலாம். லியோன் நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்துள் பொந்தேன்புளோவில் இறங்கலாம். மணற்காட்டில் நீரோடைகள் அரிதாகையால் குடிநீர் எடுத்துச் செல்லுங்கள்; வழுக்காத பாதரட்சை அணியுங்கள்; நெருப்பு மூட்டாதீர்கள். புல்லில் உண்ணிகள் உண்டு. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் கால்களைக் கவனித்துப் பாருங்கள்.

இலையுதிர் காலத்தில் மரமெல்லாம் பொன்னிறமாகும் வேளையே நடப்பதற்கு மிக இனியது. அப்பொழுது பிள்ளைகள் எவரேனும் மரத்திலுள்ள நீலக் கோட்டைச் சுட்டி இது என்ன என்று வினவினால், வேலையிழந்த ஒரு முதிய சிப்பாயின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். இன்று நமக்கு எளிதாயிருக்கும் வழியை, எளிதாக்குவதற்கு அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்.