ஆற்றங்கரைக் களத்திலிருந்து கலாசாலைக்கு

வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் நனைத்துக்கொண்டு தாமிரபரணி கடலை நெருங்குகிற ஆத்தூர் வட்டாரத்தில், கோயில் கொடை வந்து, ஊர்ப் பொட்டலில் மண்ணைக் கொத்திச் சலித்து, நான்கு மூலைகளிலும் கம்பம் நட்டு, மின்னொளிக் கபடிப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களானால், அயல் ஊர்களிலிருந்து வேன் அமர்த்திக்கொண்டு வந்து இறங்குகிற அணிகளின் ஆட்டம் விடிய விடிய நடைபெறும். சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் விடியற்காலையில் கை மாறும். அந்த இராத்திரியில் எதிரணியின் ஐந்து பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிய பதினாறு வயதுப் பையனைக் கண்டு ஆயிரம் பேர் ஆரவாரித்திருப்பார்கள். ஆனால் அவனைத் தங்கள் கலாசாலையில் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் படைத்த ஒருவராவது அக்கூட்டத்தில் இருந்தாரா என்பதே என் மனத்தை நெடுநாளாக வருத்திவரும் கேள்வி.

அமெரிக்க தேசத்தில் இந்தக் கேள்விக்கு வேறு விதமாக விடை கண்டிருக்கிறார்கள். 1887ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் பிறந்த சாஃப்ட்பால் என்னும் பந்தாட்டம் அங்கே பெண்பிள்ளைகளின் பிரதான விளையாட்டுகளுள் ஒன்று. பள்ளி அணியில் ஆடுவதோடு நில்லாமல், ஊர் ஊராகச் சென்று போட்டியிடும் பிரயாண அணிகளிலும் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே சேர்ந்துவிடுகிறார்கள். வார இறுதிதோறும் பெற்றோர் தம் கைப்பணத்தைச் செலவிட்டுக் காரில் அழைத்துச் செல்ல, அப்போட்டிகளுக்குச் சர்வகலாசாலைப் பயிற்சியாளர்கள் நேரில் வந்து, வலைக்குப் பின்னால் அமர்ந்து, யார் எப்படி எறிகிறாள், தோற்கும்போது எப்படி நடந்துகொள்கிறாள் என்பதையெல்லாம் குறித்துக்கொள்கிறார்கள். கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாதென்று 1972இல் இயற்றப்பட்ட சட்டமே அங்குப் பெண்களின் விளையாட்டு உபகாரச் சம்பளத்துக்கு வழி திறந்தது. ஆயினும் அம்முறையிலும் தீங்கு புகுந்தது. எட்டாம் வகுப்புச் சிறுமிகளிடம் கூடக் கலாசாலைகள் தங்களிடமே சேருவதாக வாய்மொழி வாக்குறுதி பெறத் தொடங்கியதால், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் முதல் தேதிக்கு முன்னர் பயிற்சியாளர்கள் மாணவியோடு இது பற்றிப் பேசலாகாதென்று 2018இல் விதி செய்ய நேர்ந்தது. குழந்தையின் விளையாட்டைக் குடும்பத்தின் மூலதனமாக்கும் அந்த மனோபாவம் நமக்கு வேண்டியதில்லை. களத்துக்கே வந்து பார்க்கும் வழக்கத்தை மட்டும் நான் ஆசையோடு நினைக்கிறேன்.

நம் நாட்டில் களத்துக்குக் கண் வருவதில்லை. கலாசாலைக்குக் காகிதம் போகிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் படிப்படியாக உயர்கின்றன. அதற்கும் மேலே தேசியப் பள்ளி விளையாட்டுகள். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் சான்றிதழே பின்னர் விலைமதிப்புப் பெறுகிறது. பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அரசு கலைக் கல்லூரிகளில் முதல் நாள் நடக்கும் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வில், மாற்றுத் திறனாளிகளோடும் முன்னாள் படைவீரரின் பிள்ளைகளோடும் விளையாட்டு வீரர்களும் அழைக்கப்படுகிறார்கள். தனியார் கல்லூரிகள் பல, தம் அணிக்கு வேண்டியவர்களைச் செலக்‌ஷன் வைத்துத் தேர்ந்து, கட்டணத்தைக் குறைத்தோ, விடுதியும் சாப்பாடும் அளித்தோ சேர்த்துக்கொள்கின்றன. எவ்வழியில் சென்றாலும், எந்த அளவில் ஆடினாய் என்பதே முதற் கேள்வி. கொடை இராத்திரியில் வென்ற ஆளுயரக் கோப்பை அதற்கு விடையாகாது. ஆதலால் பள்ளி அணியைச் சில்லறையாக எண்ணி, பரிசுத் தொகைக்காக ஊர் அணியோடு வேனேறிவிடுகிற பையன், தன் எதிர்காலத்தின் ஓர் ஏடு அன்றைக்குக் கிழிந்துபோவதை அறிவதில்லை.

காகிதம் இருந்தாலும், களம் வேறாகிவிடுவதால் வருகிற சங்கடம் ஒன்றுண்டு. ஆற்றங்கரை மண்ணில் வெறுங்காலோடு வளர்ந்த ஆட்டக்காரன் செலக்‌ஷனுக்குச் சென்றால், அங்கே இரப்பர் விரிப்பு, காலுக்குக் காலணி. பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் அதே அளவுதான். பாடிச் செல்வதற்கு முப்பது விநாடியும் அதேதான். ஆனால் மண்ணில் சறுக்கி நீளும் கால் விரிப்பில் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. விழுந்தால் மண் தாங்குகிற விதம் வேறு, விரிப்பு தாங்குகிற விதம் வேறு. போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கும் அந்த ஒரு கணத்தில் புதிய காலணி ஏமாற்றிவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அவன் திறமையற்றவனாகத் தோன்றுகிறான். பத்து நாள் பழகினால் தீர்ந்துபோகும் குறை இது. அந்தப் பத்து நாள் விரிப்பு எங்கே கிடைக்குமென்று ஏற்பாடு செய்து தருகிறவர்தாம் நல்ல உடற்கல்வி ஆசிரியர். மாணவர்கள் வாயில் பி.டி. சார் என்று வழங்கும் அம்மனிதருக்கு நம் சமூகம் தர வேண்டிய மரியாதையில் பாதியைக்கூட இன்னும் தரவில்லையென்பது என் அபிப்பிராயம்.

இம்மண்ணிலிருந்து ஒருவர் கபடியின் வழியே நெடுந்தூரம் சென்றிருக்கிறார். ஆத்தூரிலிருந்து அதிகத் தூரமில்லாத மணத்தியில் பிறந்த கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். தமிழ்நாடு மின்சார வாரியத்தில் கிடைத்த உத்தியோகம் அவரது ஆட்டத்துக்கு ஆதாரமாய் நின்றது. அவர் வாழ்வின் தூண்டுதலில் உருவான ‘பைசன்’ திரைப்படம் 2025இல் வெளிவந்த பின்னர், எங்கோ இருக்கும் ஜனங்களுக்கெல்லாம் மணத்தியின் பெயர் தெரிந்திருக்கிறது.

பெண்பிள்ளைகளின் நிலையைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் இடம் பெற்றது. பெண்கள் கபடிக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் பெற்ற பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். அவ்வூர்ச் சிறுமிகள் அதன்பின் கபடியை எவ்வளவு பெருமிதத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். நம் கடற்கரைக் கிராமங்களிலோ, மாநில அளவில் ஆடிய பெண் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்படுவதற்கு அவளது ஆட்டக் குறைவு காரணமாவதில்லை. செலக்‌ஷன் நடக்கும் ஊருக்கு அவளோடு துணைக்குப் போக ஒருவருக்கு ஒரு நாள் கூலி போகும், அவ்வளவே.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏழாம், எட்டாம், ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளுக்குத் தன் விடுதிகளில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, உணவும் உறைவிடமும் பயிற்சியும் அளிக்கிறது. கலாசாலை மாணவர்களுக்கும் தனி மையங்கள் உண்டு. ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. சான்றிதழிலுள்ள பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவோடு ஒத்திருக்கின்றனவா என்று அன்றன்றே பார்த்து, அசலைப் பத்திரப்படுத்தி, நகலை வேறோரிடத்தில் வைப்பது சிறு காரியமாகத் தோன்றினாலும், கலந்தாய்வு மேசையில் அதன் அருமை விளங்கும்.

கொடை நடத்தும் ஊர்ப் பெரியவர்களுக்கு என் பணிவான விண்ணப்பம் ஒன்று. நோட்டீஸில் நன்கொடையாளர் பெயர்களை அச்சிடும்போது, திருச்செந்தூர், தூத்துக்குடி, திருநெல்வேலிக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் ஓர் அழைப்பிதழை ஒரு மாதம் முன்னரே அனுப்பிவையுங்கள். களத்தின் ஓரத்தில், மின்னொளி நேராக விழும் இடத்தில், அவர்களுக்கென்று நான்கு நாற்காலிகளும், ஆடுகிற ஒவ்வொருவனின் பெயரும் வகுப்பும் பள்ளியும் எழுதிய ஒரு தாளும் வையுங்கள்.